மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த ஒயர்

வியாசர்பாடியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் நெட், டிவி இரண்டுக்கும் ஒரே ஆள்தான்: தெருமுனைக் கேபிள்கார அண்ணன். படம் நின்றால் அம்மா பால்கனியிலிருந்து ஒரு குரல் கொடுப்பார், அரை மணியில் யாராவது ஏணியோடு வந்துவிடுவார்கள். மூலக்கடைப் பக்கம் அப்பார்ட்மெண்ட்டுக்கு மாறுகிறோம் என்றதும் அண்ணன், "இந்த பாக்ஸ் அங்க எடுக்காது தம்பி, அந்த ஏரியா ஆளைப் பாரு" என்று செட்டாப் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் ஆளைப் பார்க்கவில்லை, ஆப்பைப் பார்த்தேன். பின்கோடு போட்டதும் 'உங்கள் முகவரியில் சேவை உண்டு' என்று பச்சை டிக் வந்தது. பெரிய கம்பெனிதானே என்று பணமும் கட்டிவிட்டேன். வந்த பையன் கட்டடத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "இந்தத் தெருவுல எங்க பாக்ஸே இல்ல சார்" என்று கிளம்பிவிட்டார். பணம் திரும்பி வர 12 நாள் ஆனது. அதுவரை என் மனைவி ஆபீஸ் மீட்டிங்குகளை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினாள், என் மேல் கோபத்தோடு.

அப்புறம்தான் வாட்ச்மேனிடமும் இரண்டாவது மாடி அக்காவிடமும் கேட்டேன். எது வேகம் என்று கேட்கவில்லை. "போன மழைக்கு எத்தனை நாள் நின்னுச்சு? யார் வந்து சரிபண்ணாங்க?" இதைத்தான் கேட்டேன். எங்கள் கட்டடத்துக்குள் வருவது இரண்டே லைன். ஒன்று மெயின் ரோட்டைத் தாண்டி வருகிறது. அங்கே பள்ளம் தோண்டும் வேலை ஓயாமல் நடப்பதால் அந்த லைன் இந்த வருஷம் மூன்று தடவை அறுந்ததாம். இன்னொன்று பின்தெருவிலிருந்து மொட்டை மாடி வழியாக வருகிறது. மாதம் 100 ரூபாய் கூடுதல். பின்தெரு லைனையே எடுத்தோம்.

100 எம்பிபிஎஸ், விளம்பரத்தில் 699 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 824.82. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். இது தெரியாமல் என் மச்சான் மாதாமாதம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். நாங்கள் முக்கியமாகப் பார்த்தது அப்லோடும் அதே 100தானா என்பதை. வீடியோ காலில் நம் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் அப்லோடு பத்தாமல்தான்.

லைன் இழுத்த அன்று மோடத்தில் சிவப்பு லைட் அணையவே இல்லை. டெக்னீஷியன் சட்டைப்பையிலிருந்து, ஒயரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் ஒரு குட்டி மீட்டரை எடுத்து ஒயர் நுனியைச் செருகினார். மைனஸ் 29. இந்த மைனஸ் நம்பர் ஏற ஏற வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். "27க்கு மேல போனா மோடம் எடுக்காதுண்ணா" என்று சொல்லிவிட்டு, ஒயரைக் கையால் தடவிக்கொண்டே ஜன்னல் வரை போனார். அங்கே சட்டத்தின் மூலையில் கிளிப் அடித்த இடத்தில் ஒயர் 'ட' மாதிரி மடங்கியிருந்தது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அப்படி மடங்கினால் வெளிச்சம் அந்த இடத்திலேயே கசிந்துவிடுமாம். கிளிப்பைப் பிடுங்கி, ஒயரை வளையல் அளவுக்கு வளைத்து விட்டார். மைனஸ் 21. பச்சை லைட் வந்துவிட்டது. இப்போது அந்த ஜன்னலைப் பெருக்கும்போதெல்லாம் எனக்குப் பயம்.

மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். கரண்ட் போனாலும் நெட் ஓடுகிறது.

டிவி விஷயம்தான் இழுத்தது. எனக்கு நெட்டில் வருவதே போதும். அம்மாவுக்கு ரிமோட்டில் நம்பர் அமுக்கினால் சன் டிவி வர வேண்டும், அவ்வளவுதான். மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் வைக்கலாமா என்று பார்த்தேன். அம்மாவின் சேனல்கள் அதில் வராது. தவிர, அந்தச் சாட்டிலைட் கிழக்கே 93.5 டிகிரியில் இருக்கிறது, சென்னையிலிருந்து டிஷ் தென்கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பால்கனி மேற்கு. மொட்டை மாடியில் இனி டிஷ் கூடாது என்று செக்ரட்டரி நோட்டீஸே ஒட்டியிருக்கிறார். கடைசியில் கேபிள்தான். 2003இல் நாட்டிலேயே முதலில் செட்டாப் பாக்ஸ் முறை வந்த ஊர் இது. அன்றைக்கு அப்பா புலம்பிய அதே புலம்பலை நான் புலம்பினேன்: பேக்கில் இருக்கும் சேனலில் பாதியை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மிச்சம் 40 ரூபாய்கூட வரவில்லை. சரி, பேக்கையே போடுங்கள் என்று விட்டுவிட்டேன்.

சேனல் நம்பரெல்லாம் மாறிவிட்டதால் ஏழு நம்பரைச் சீட்டில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். நேற்று சீரியல் நடுவில் படம் நின்றது. நான் கேபிள்காரருக்கு போன் போடுவதற்குள் அம்மா பழக்கதோஷத்தில் பால்கனிக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டார். மூன்று மாடி கீழே, வாட்ச்மேன் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.