ஐந்து தாள் துண்டுகள்

ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒதுக்கிய அலமாரியின் கீழ்த்தட்டில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தியதில் சேர்ந்த பொருள்கள் கிடக்கின்றன. ஐந்திணைப் பாகுபாட்டை வண்ணத்தில் எழுதிச் சுருட்டி வைத்த சார்ட்டுகள், இன்று எந்தக் கணினியிலும் ஓடாத குறுந்தகடுகள், மாணவர்கள் களிமண்ணில் செய்து தந்து பாதி உதிர்ந்துபோன ஒரு யாழ், கோப்புகளின் பெயரைப் படித்தால் எதுவும் நினைவுக்கு வராத இரண்டு பென் டிரைவ்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்த ஆண்டோடு மறந்துவிட்டேன். ஆண்டுதோறும் தவறாமல் எடுப்பது எட்டுப் பழுப்பு உறைகளைத்தான். ஒவ்வோர் உறையிலும் ஐந்து தாள் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு செய்யுளடி இருக்கும்.

பணியில் சேர்ந்த காலத்தில் நான் இப்படி நினைக்கவில்லை. செய்யுள் நடத்துவதற்குத் தேவையான கருவி விளக்கம்தான் என்றும், விளக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்ல வகுப்பு என்றும் உறுதியாக நம்பியிருந்தேன். பாடலை ஒருமுறை வாசிப்பேன், அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதுவேன், பொழிப்புரையைச் சொல்லச் சொல்ல எழுதச் செய்வேன், இலக்கணக் குறிப்பையும் அணியையும் சேர்த்து முடிப்பேன். ஒருநாள், கேள்விக்கு விடை தெரியாமல் விழித்த ஒரு மாணவனின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பாடலின் பொருள் அச்சாகியிருந்த பகுதியில் இரண்டு வண்ணங்களில் அடிக்கோடுகள், ஓரத்தில் வினா எண்கள், வாக்கியங்களைச் சுற்றிக் கட்டங்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த பாடலோ ஒரு பேனாப் புள்ளிகூட விழாமல் அன்று அச்சிட்டதுபோல் இருந்தது. அக்கம்பக்கத்துப் புத்தகங்களும் அப்படியே இருந்தன. பிள்ளைகள் சோம்பலாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது; நான் எதை நடத்தினேனோ அதைத்தான் அவர்கள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

வகுப்பறைக்கு ஒளிப்பட வீழ்த்தி வந்தபோது இதற்கெல்லாம் தீர்வு கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன். குறுந்தொகையின் நாற்பதாம் பாடலுக்காக, ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற உவமையை விளக்க ஒரு மாலை முழுவதும் படம் தேடினேன். செம்மண் நிலத்தில் மழைநீர் சிவந்து தேங்கிய நல்ல ஒளிப்படம் ஒன்று கிடைத்தது. திரையில் அது விரிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “ஐயா, சேறு!” என்றது. வகுப்பு சிரித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆயின. அதன் பிறகு அந்தப் பாடல் அந்த வகுப்பில் சேற்றுப் பாட்டாகவே இருந்தது. சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தபோதுதான் பிழை படத்தில் இருப்பது விளங்கியது. கவிஞர் காட்டுவது கலந்து முடிந்த நீரை மட்டும் அன்று. வானத்திலிருந்து நிறமற்று விழுந்த நீர் நிலத்தைத் தொட்டதும் அதன் நிறமாகி, பிறகு பிரித்தெடுக்க முடியாமல் போகும் அந்த நிகழ்வை. அசைகின்ற ஒன்றை அசையாத படமாக்கிக் காட்டி, பிள்ளைகள் தங்கள் மனத்தில் பார்த்திருக்கக்கூடிய மழையை நானே நிறுத்திவிட்டேன். பாடிய புலவரின் இயற்பெயர்கூடத் தெரியாமல், இந்த உவமையே பெயராகிச் செம்புலப் பெயனீரார் என்று அவர் வழங்கப்படுகிறார். அந்த உவமையைத்தான் ஒரு தேக்கமாக்கி வைத்திருந்தேன்.

படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே நூலின் மூன்றாம் பாடலில் ‘கருங்கோல் குறிஞ்சிப் பூ’ வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடியைப் பெரும்பாலான மாணவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதற்குப் படம் வேண்டும். ஆனால் பாடலைப் படித்த பிறகு வேண்டும். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: மாணவர் கண்டிராத பொருளுக்குப் படம் காட்டுவேன், உவமைக்குக் காட்ட மாட்டேன்.

இந்த மூன்றாம் பாடலுக்குப் படத்தைவிடப் பயன்பட்டது, சில சொற்களை மறைத்து அச்சிட்ட ஒரு தாள். நிலம், வானம், நீர் என்ற மூன்றையும் விடத் தன் நட்பு மேலானது என்கிறாள் தலைவி. எவ்வகையில் மேலானது என்னும் சொற்களை மட்டும் நீக்கிவிட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். நிலத்துக்குப் ‘பெரிது’ என்றும் வானத்துக்கு ‘உயர்ந்தது’ என்றும் ஏறத்தாழ எல்லாரும் எழுதினார்கள். நீருக்கு ‘ஆழமானது’ என்று எழுதினார்கள். அதன் பின் பாடலைத் திறந்தால் அங்கே ‘ஆரளவின்று’ என்று இருக்கிறது. ஆழம் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘அளத்தற்கு அரியது’ என்று ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை நான் எழுப்பவே இல்லை. தாங்கள் எழுதியதற்கும் பாடலில் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டு அவர்களே எழுப்பினார்கள்.

இனி அந்த உறைகள். அவற்றில் இருப்பது புறநானூற்றின் 112ஆம் பாடல், தந்தையை இழந்த பாரிமகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

ஐந்து அடிகளைத் தனித்தனியே வெட்டிக் குலைத்து, ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஓர் உறை என்று கொடுப்பேன். ஆசிரியர் குறிப்பும் உரையும் கிடையாது. ‘எந்தை’ என்றால் எம் தந்தை, ‘வென்றெறி முரசு’ என்றால் வென்று அறைந்த முரசு என்ற இரண்டை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, அடிகளை ஒழுங்குபடுத்தச் சொல்வேன். முதல் முறை இதைச் செய்தபோது ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும் என்று எண்ணி, மீதி நேரத்துக்கு வினாத்தாள் ஒன்றையும் தயாராக வைத்திருந்தேன். அது இன்றுவரை தேவைப்படவில்லை.

பெரும்பாலான குழுக்கள் அற்றைத் திங்களை முதலில் வைக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு குழு இற்றைத் திங்களை மேலே வைத்துவிட்டு, “இன்றைக்குப் பட்ட துன்பத்தைச் சொன்ன பிறகுதானே பழைய நினைப்பு வரும்” என்று வாதிடும். வாதம் தவறன்று. அப்படி வைத்தால் பாடல் ‘பிறர்கொளார்’ என்று முடிகிறது. இழப்பில் தொடங்கி நிறைவில் போய் அடைகிறது, ஏறக்குறைய ஓர் ஆறுதலாகிவிடுகிறது. இரண்டு ஒழுங்கையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் செய்வேன். ‘இலமே’ என்று முடியும்போது வகுப்பில் ஏற்படும் அமைதி ‘பிறர்கொளார்’ என்று முடியும்போது ஏற்படுவதில்லை. யாப்பு தெரிந்த ஒரு மாணவி வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தாள்: ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது சிறப்பு, ஐந்து துண்டுகளில் ஏகாரத்தில் முடிவது ஒன்றுதான், எனவே அதுவே கடைசி என்றாள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இலக்கணம் ஒரு துப்பாகப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவளுக்கு அடுத்து அமர்ந்திருந்தவள் சொன்னதை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. முதல் பாதியில் தந்தை முதலிலும் குன்று பின்னாலும் வருகின்றன. இரண்டாம் பாதியில் குன்று முன்னால் வந்து தந்தை கடைசிக்குப் போய்விடுகிறார். “பெரிய இழப்பைச் சொல்ல வாய் வரவில்லை ஐயா, அதனால் குன்றை முதலில் சொல்லிவிடுகிறார்கள்” என்றாள். இருபது முறை இந்தப் பாடலை நடத்தியிருந்த நான் அந்த இடமாற்றத்தைக் கவனித்ததே இல்லை. அடிக்கணக்கும் வேறுபடுகிறது: இன்பத்தைச் சொல்ல இரண்டடி போதுமானதாக இருக்க, துன்பத்தைச் சொல்ல மூன்று அடிகள் ஆகின்றன; கூடுதலாக வந்த அடி வேந்தர்களுடையது. அந்த அடி மட்டும் முச்சீரடி. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீரால் வரும் என்பதை நூற்பாவாகச் சொல்லிப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ‘வேந்தர்எம்’ என்று அடி திடீரென முடிந்து, எங்கள் என்ற சொல் குன்றைவிட்டுப் பிரிந்து தொங்கும்போது வாசிப்பவரின் மூச்சு தடுமாறுவதை அவர்கள் வாயால் கேட்ட பிறகு, நூற்பாவைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை. இவ்வளவும் ஆன பிறகே உரையை எடுப்பேன். மூவேந்தரும் பாரியின் குன்றாகிய பறம்பை முற்றுகையிட்டும் போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்துப் பாரியைக் கொன்றனர் என்பது வழங்கிவரும் செய்தி. ஆகவே ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்வர். பாடலோடு ஒரு மணி நேரம் போராடிய பிள்ளைகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறையில் எனக்கு ஒரு தோல்வியும் உண்டு. எழுத்துக் கூட்டியே வாசிக்கும் பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு குழுவிலும் இருந்தார்கள். மற்றவர்கள் துண்டுகளை நகர்த்தும் வேகத்தில் அவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை முதல் இரண்டு ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை. இப்போது உறையைப் பிரிக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு துண்டை எடுத்து, அதை மட்டும் மூன்று முறை வாய்விட்டு வாசித்துத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். அந்த அடியை இடம் மாற்ற வேண்டுமானால் அதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும்.

அகராதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வகுப்பறைக்குள் நான் எப்போதும் தூக்கிச் செல்லும் ஒரே தடித்த புத்தகம் அதுதான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை இப்போது இணையத்திலேயே தேடலாம். இருந்தாலும், ஒரு சொல்லைத் தேடும் கண்ணில் அதன் மேலும் கீழும் உள்ள சொற்கள் படுவது அச்சுப் புத்தகத்தில்தான் நடக்கிறது. குறுந்தொகை நாற்பதாம் பாடலின் ‘யாயும் ஞாயும்’ என்ற தொடக்கத்துக்காக மாணவர்கள் அகராதியைப் புரட்டியபோது யாய் என் தாய், ஞாய் உன் தாய் என்று கண்டார்கள். பிறகு எந்தை, நுந்தை. அப்படியானால் தாய், தந்தை என்ற சொற்கள் யாருடைய தாய், யாருடைய தந்தை என்ற கேள்வி தானாகவே வந்தது. பழந்தமிழில் அவை படர்க்கைக்கு உரியவை, அவனுடைய தாய், அவளுடைய தந்தை என்று தெரிந்தபோது, நாள்தோறும் வழங்கும் சொல்லுக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருந்ததா என்று வகுப்பு வியந்தது. உறவுச் சொல்லே யாருடைய உறவு என்று காட்டும் மொழியில், உறவு ஏதுமில்லாத இருவரைப் பற்றிய பாடல் அந்த உறவுச் சொற்களை அடுக்கித் தொடங்குவதன் அழகு அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் புலப்பட்டது.

மூல பாடத்துக்குப் பஞ்சமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் சங்கப் பாடல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் எடுத்ததை அப்படியே படியெடுத்துக் கொடுப்பதில்லை. சந்தி சேர்த்த வடிவத்தை இடப்பக்கமும் பிரித்த வடிவத்தை வலப்பக்கமும் அச்சிட்டு, வலப்பக்கத்தை மடித்துக் கொடுப்பேன். ‘பெயனீர்’ என்பதைப் ‘பெயல் நீர்’ என்று தானே பிரித்தறிந்த மாணவன் மடிப்பை விரித்துச் சரிபார்க்கும்போது அவன் முகத்தில் வருவதை எந்தச் செயலியாலும் வரவழைக்க முடியாது என்பது என் எண்ணம். ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை, மெட்டமைத்த செய்யுள்கள் மனப்பாடத்துக்கு உதவுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பாடலும் ஒரே துள்ளலில் வருவதால் இறந்தோரை எண்ணி இரங்கும் கையறுநிலைப் பாடலும் கைதட்டலோடு முடிகிறது என்பதால் வகுப்பில் நான் போடுவதில்லை.

ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பிள்ளைகள் துண்டுகளைச் சுற்றிக் குனிந்திருந்த வேளையில் உள்ளே நுழைந்து சுவர்களைப் பார்த்துவிட்டு, கற்பித்தல் துணைக்கருவி ஏதும் பயன்படுத்தவில்லை என்று எழுதிச் சென்றார். வருத்தமாக இருந்தது. அதற்காகவே அடுத்த முறை ஐந்திணைச் சார்ட்டைத் தொங்கவிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாச் செய்யுளையும் இப்படி நடத்த நேரமும் கிடையாது. இந்த ஐந்தடிக்கே இரண்டு பாடவேளைகள் ஆகின்றன. ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு பாடல்களை இவ்வாறு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பழைய முறையில் விரைவாக முடிக்கிறேன். நெடுவினாவுக்குத் தேவையானதைச் சொல்லாமல் விட்டால் பாதிக்கப்படுவது நானல்லவே.

எட்டு உறைகளில் ஒன்றில் நான்காம் துண்டு சில ஆண்டுகளுக்கு முன் தொலைந்துவிட்டது. அந்தக் குழுவில் இருந்த மாணவன் ஒருவன் பொறுப்பாக நோட்டிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்று நீல மையில் எழுதி உள்ளே வைத்துவிட்டான். ‘எம்’ விடுபட்டிருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. அந்த உறை கிடைக்கும் குழு ஒவ்வோர் ஆண்டும் கடைசி இரண்டு அடிகளை வாசித்துவிட்டு ஒரு கணம் தயங்கி, “ஐயா, யாருடைய குன்று?” என்று கேட்கிறது.