டிரெய்லரை உருவி எடுத்த ஞாயிற்றுக்கிழமை

மலேசியாவின் போர்ட்டிக்சனில் வாங்கிய என் 20 அடி பாய்மரப் படகு, ஆறு மாதமாகச் சிலியாவில் எங்கள் வீட்டு வாசலில் டிரெய்லர் மேலேயே நின்றது. படகின் அடியில் இறங்கி ஏறும் கனமான இரும்புத் தகட்டைக் கீல் (keel) என்பார்கள்; அதைத் தாங்குகிற அச்சு ஊசி தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால் கீல் முழுதாகக் கீழே இறங்க வேண்டும். டிரெய்லர் அடியில் இருக்கும்வரை அது நடக்காது.

முதலில் எடை. செம்பனைக் குலை வாங்கும் இடத்தில், லோரி நிறுக்கும் தராசில் டிரெய்லரோடு ஏற்றினேன்: 960 கிலோ. டிரெய்லர் தகட்டில் 270 என்று இருந்தது. ஆக, படகு 690. நான் ஐந்நூறுக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன்!

பக்கத்து வீட்டு மாமா தோட்டத்தில் லோரி ஓட்டியவர்; மறுநடவுக் காலத்தில் ரப்பர் மரம் ஏற்றி இறக்கியவர். “குலை ஏத்துற கிரேன் இருக்கே தம்பி, அஞ்சு நிமிசத்துல தூக்கிடலாம்” என்றார். நான் ஒப்பவில்லை. கிரேனின் கை நீள நீள அது தூக்கக்கூடிய எடை குறையும். அதன் நுனியில் இருப்பதும் குலையைக் கவ்வும் நகம்தான், கொக்கி இல்லை. பட்டை போட்டுத் தூக்கினாலோ, பட்டை இரண்டு பக்கமும் படகை உள்நோக்கி நெருக்கும். மேலே பட்டையின் இரண்டு பக்கங்களுக்கும் இடையில் கோணம் 120 பாகை ஆகிவிட்டால், ஒவ்வொரு பக்கமும் முழு எடையையும் இழுக்கும். அகலமான குறுக்குச் சட்டம் இல்லாமல் ஃபைபர் படகை அப்படித் தூக்கக் கூடாது. மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, கட்டை வெச்சே இறக்குவோம்.”

எங்கள் வாசல் செம்மண், ஒரு மாலை மழைக்கே கட்டை புதையும். அதனால் பழைய பட்டறையின் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கினோம். பாய்மரம், இன்ஜின், நங்கூரம் எல்லாவற்றையும் கழற்றினோம். வடிகால் அடைப்பைத் திறந்ததும் மழைத் தண்ணீர் நாலு வாளிக்கு மேல் வந்தது. கீலைத் தூக்கிப் பிடிக்கும் வின்ச் (கம்பி சுற்றும் உருளை) கம்பியை நம்பாமல், படகோடு சேர்த்துத் தனியாக பெல்ட் போட்டு இறுக்கினேன். யார் செய்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்தக் கம்பி துருப்பிடித்து அறுந்தால், அடியில் இருப்பவர் கை போய்விடும்.

டிரெய்லர் மூக்கை இறக்கினால் படகின் பின்புறம் உயரும். அங்கே 10 அடிக் கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்தோம். அதன் இரண்டு முனைகளுக்கும் கீழே, சக்கரங்களுக்கு வெளியே, தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். பிறகு மூக்கை ஜாக்கியால் தூக்கினால் பின்புறம் கட்டையில் உட்காரும், முன்புறம் உயரும். அங்கேயும் அதே மாதிரி ஒரு கட்டை. இப்படி நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடுக்கு. எப்போது எது நழுவினாலும் படகு ஓர் அங்குலத்துக்கு மேல் விழ வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டோம். படகின் உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் கட்டை வைக்க வேண்டும். வெறும் ஓட்டில் பாரம் விழுந்தால் ஃபைபர் உள்ளே அமுங்கிவிடும். மேலே டயர் ரப்பர் விரித்து, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்தோம்.

டிரெய்லரில் படகைத் தாங்கும் ரோலர்களைக் கழற்றி, டயர் காற்றை இறக்கியதில், படகுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இன்னும் ஒன்றரை அங்குலம் இடைவெளி கிடைத்தது.

கடினமான இடம் அதற்குப் பிறகு வந்தது. டிரெய்லரை முன்னால் இழுத்தால் சக்கரம் முன்கட்டையில் முட்டும். அதற்குள் சக்கரத்துக்குப் பின்னால் மூன்றாவது கட்டை கொடுத்து, முன்கட்டையை எடுக்க வேண்டும். நான் சரியாக நடுவில் வைக்கப் போனேன். மாமா தடுத்தார். “எடை எங்க நிக்குதுன்னு பாத்தியா?” ஜாக்கியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருந்தது! மூன்றாவது கட்டை அதற்கும் முன்னால் போக வேண்டும். நான் நினைத்த இடத்தில் வைத்திருந்தால், முன்கட்டையை உருவியதும் படகு மூக்குக் குப்புற விழுந்திருக்கும்.

பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, நாலு பேர் டிரெய்லரைக் கையால் இழுத்தோம். அடியில் யாரும் கை நீட்டவில்லை. முன்கட்டை வந்தது, டிரெய்லர் வந்தது. படகு அசையவில்லை. உடனே பக்கத் தாங்கிகளைக் கொடுத்து, அவை விலகாதபடி எதிரெதிர்த் தாங்கிகளைச் சங்கிலியால் கட்டினோம். அதற்குள் தகரக் கூரையில் மழை இரையத் தொடங்கிவிட்டது.

மறுநாள் கீலை ஜாக்கியில் தாங்கி மெல்ல இறக்கி, ஊசியை உருவினேன். நடுவில் கால்வாசி தேய்ந்திருந்தது. மாமா அதை விரலால் தடவிப் பார்த்தார். ரந்தாவில் கடைசல் பட்டறையில் அளவு காட்ட வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.