1932 ஃபோர்டு கார்: பட்டறைக் குறிப்புகள்

பிப்ரவரி 3
எஞ்சின் பிளாக், கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் காந்தச் சோதனைக்குப் போயிருக்கிறது. ஃபோன் வரவில்லை.

பிப்ரவரி 5
இன்னும் இல்லை.

59ஏ என்ற பழைய ஃபோர்டு வி8 பிளாக்கில் கீறலே இல்லாதது அபூர்வம். குறை அதன் பிறவியிலேயே இருக்கிறது. வால்வெல்லாம் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) இல்லை, பிளாக்கில். எரிந்த புகை சிலிண்டர்களுக்கு நடுவே, தண்ணீர் ஓடும் இடத்தைத் தாண்டித்தான் வெளியே வரணும். ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், புகை வாய் மூணு. நடு ரெண்டுக்கும் ஒரே வழி. அந்த இடம் சூடேறிச் சூடேறிக் கீறிவிடும். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டின் துளையிலிருந்து தண்ணீர் ஓட்டைக்குப் போகும் சின்னக் கீறல் பல பிளாக்குகளில் இருக்கும், ஆனாலும் எஞ்சின் ஓடும். வால்வு சீட்டிலிருந்து (வால்வு உட்காரும் இடம்) சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால்தான் வினை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் (உறை) அடித்து, புது சீட் இறக்கிக் காப்பாற்றலாம். அந்தச் செலவில் இன்னொரு பிளாக்கே வாங்கிவிடலாம்.

பிப்ரவரி 8
சேஸ் மட்டும் ஸ்டாண்டில் நிற்கிறது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே (வீல்பேஸ்) 106 அங்குலம்.

1932 மாடலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு என்பது பாடியை இறக்கி வைத்துப் பார்த்தால் விளங்கும். முந்தைய மாடல் ஏ-யில் சேஸை மறைத்து ஒரு தகடு ஓடும். முப்பத்திரண்டில் சேஸின் பக்கச் சட்டமே வெளித்தோற்றம். நீளவாக்கில் ஒரு வரி அமுக்கி, வளைவோடு அடித்திருக்கிறான். மட்கார்டைக் கழற்றினாலும் எதுவும் குறைந்த மாதிரி தெரியாது. வேகம் பார்க்க கலிஃபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரிக்கு ஓட்டிப்போன பையன்கள் எடையைக் குறைக்கத்தான் மட்கார்டைக் கழற்றினார்கள். அழகு கூடவே வந்தது.

பிப்ரவரி 9
முன்பக்கத்தைத் தாழ்த்த ரெண்டு வழி. ஸ்ப்ரிங்கில் பட்டையை உருவினால் வண்டி இறங்கும், ஆட்டத்துக்கு இடம் போய்விடும், பள்ளத்தில் ஆக்ஸில் சேஸில் இடிக்கும். 4 அங்குலம் டிராப் செய்த (நடுப்பகுதி தாழ்ந்த) ஆக்ஸில் போட்டால் ஸ்ப்ரிங் அப்படியே இருக்கும், வண்டி மட்டும் இறங்கும்.

ஆனால் ஒன்றைத் தொட்டால் அடுத்தது வந்து நிற்கும். டை ராட் (முன்சக்கரங்கள் ரெண்டையும் சேர்க்கும் கம்பி) விஷ்போனில் (ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பிடிக்கும் V வடிவத் தாங்கி) உரசும். ஸ்டீயரிங் ஆர்மைச் சிவக்கக் காய்ச்சிக் கீழே வளைக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. விஷ்போனை நடுவில் பிரித்து சேஸில் தனித்தனியாக மாட்டினால், ஒரு சக்கரம் ஏறும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொடுக்கணும். ஐ-பீம் (I வடிவ) ஆக்ஸில் முறுக்கும். குழாய் ஆக்ஸில் முறுக்காது, எங்காவது வெல்டிங் விடும். காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 6 டிகிரி, டோ-இன் (சக்கரங்கள் முன்னால் உள்நோக்கி நெருங்குவது) 1/8 அங்குலம். காஸ்டர் குறைந்தால் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

பிப்ரவரி 10
4 அங்குலம் போதுமா? ஒரு பட்டை மட்டும் உருவலாமா?

பிப்ரவரி 12
ஃபோன் வந்தது. எட்டு சிலிண்டரும் சுத்தம்! ஸ்டட் துளையில் ஒரே ஒரு கீறல், அதுவும் விட்டுவிடக்கூடியது. சிலிண்டர் துளையை 3-5/16 அங்குலத்துக்கு எடுக்கச் சொல்லியாச்சு. 1949-53 மெர்குரி காரின் கிராங்க், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4 அங்குலம். மொத்தம் 276 கன அங்குலம். 1932-ல் ஃபோர்டு விற்றது 221, 65 குதிரைத்திறன்.

பிப்ரவரி 16
மலிவாக, சூடேறாமல் ஓடணும் என்றால் செவி 350 (செவர்லே வி8 எஞ்சின்) போடு என்கிறார்கள். சரியான பேச்சுதான். ஆனால் அந்தச் சத்தம்?

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் 1 முதல் 4. அந்தப் பக்கத்துப் புகையை மட்டும் எடுத்துக்கொண்டால் வெடிப்புக்கு இடைவெளி 180, 270, 180, 90 டிகிரி. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் விட்டால் அந்த நொண்டல் அப்படியே காதுக்கு வரும். நொண்டல் பெரும்பாலான அமெரிக்க வி8-லும் உண்டு. நடு ரெண்டு சிலிண்டரும் ஒரே வாயில் ஊதுவதுதான் இதற்குத் தனித் தொண்டை தருகிறது.

பிப்ரவரி 23
ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் ரெண்டு. உள்தொண்டை 0.97 அங்குலம், பெயரே அதுதான். மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) 0.045 அங்குலம். இதன் எதிரி பெட்ரோல் அழுத்தம். கடையில் கிடைக்கும் எலெக்ட்ரிக் பம்பு பல 5, 6 பிஎஸ்ஐ தள்ளும். பெட்ரோலை அடைக்கும் நீடில் தாங்காது, பெட்ரோல் மேலே வழியும், கீழே சூடான மேனிஃபோல்டு. ரெகுலேட்டர் போட்டு 2.5-ல் நிறுத்தணும். கார்புரேட்டர் கெட்டது என்று கழற்றி வீசியவற்றில் பல இந்தக் கேஸ்தான்.

மார்ச் 2
கதவுக்கு முன்னால் ஒட்டுப்போட்ட இடத்தில் பட்டி பூசவில்லை, ஈயம்தான். 30 பங்கு வெள்ளீயம், 70 பங்கு காரீயம். சுமார் 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 255 வரை வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். அந்த இடைவெளிக்குள் மெழுகு தடவிய மரக்கட்டையால் இழுத்துவிடணும். முதலில் தகட்டுக்கு ஆசிட் தடவி ஈய முலாம். அந்த ஆசிட்டை சோடா உப்புத் தண்ணீரில் கழுவாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து பெயிண்ட் கொப்புளிக்கும். அரத்தால் மட்டும் ராவணும். கிரைண்டர் வைத்தால் காரீயத் தூசு மூக்கில்.

மார்ச் 8
பின் டயர் 7.50-16, முன் டயர் 5.50-16. மூக்கு தாழ்ந்து நிற்கிறது. பட்டையை உருவ வேண்டாம்.

மார்ச் 9
உருவலாமோ.

மார்ச் 15
அசெம்பிளி. டேப்பெட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் இடையே விடும் இடைவெளி) இன்டேக் 0.012 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.015. ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே களிமண் வைத்து ஒரு சுற்று சுற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தது: மெலிந்த இடத்தில் 0.050. போதும். பக்கத்துக்கு 24 ஸ்டட், தண்ணீருக்குள் இறங்குபவை. மரையில் சீலர் தடவாவிட்டால் நட்டு வழியாகக் கசியும். முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. சூடாகி ஆறிய பிறகு மறுபடி.

மார்ச் 21
கிளம்பிவிட்டது. புது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), புது டேப்பெட், துத்தநாகம் சேர்த்த ஆயில். ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம்.

அந்தத் தொண்டை!

மார்ச் 22
வலப்பக்கம் 185 ஃபாரன்ஹீட், இடப்பக்கம் 205. ரெண்டு வாட்டர் பம்பு, ரெண்டு தெர்மோஸ்டாட். முதலில் இடப்பக்கத்தது; வெந்நீரில் போட்டு எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்க்கணும்.