பத்தாம் வகுப்பில் ஒரு கத்தரிக்காய் பஞ்சாயத்து

மரபணு மாற்றப் பாடம் நடத்தும்போது நான் புத்தகத்தோடு நிறுத்துவதில்லை, பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தையும் சேர்த்தே சொல்வேன். தண்டையும் காயையும் துளைக்கிற புழுவைக் கொல்ல பி.டி. என்கிற மண் பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் வைத்தார்கள், 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு சரி என்றது, அப்புறம் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் நேரில் கேட்டுவிட்டு 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். பங்களாதேஷோ 2013-ல் அனுமதித்துவிட்டது. யார் செய்தது சரி? பிள்ளைகளை விதைக் கம்பெனி, விவசாயி, சமைக்கிறவர் என்று பிரித்து வாதாட விடுவேன். "மருந்தடிக்கிற கூலிக்காரங்களை யாருமே கேட்கலையே மிஸ்" என்றாள் ஒருத்தி. இந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட வினாத்தாளில் இடமே இல்லை, அதுதான் எரிச்சல். அடுத்த முறை அவர்களுக்கும் ஒரு குழு உண்டு.