பையன் விட்டுப்போன கிடார்

16 ஜூன் 2024, ஞாயிறு

பீரோ மேலிருந்து பையனுடைய கிடாரை இறக்கினேன். ஒன்பதாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கினது. நாலு மாசம் வகுப்புக்குப் போனான். அப்புறம் கிரிக்கெட், அப்புறம் பத்தாம் வகுப்புப் பரீட்சை, இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டல். உறையைத் திறந்தால் பல்லி முட்டை ஓடு ரெண்டு. கம்பியைத் தொட்ட விரலில் துரு ஒட்டியது.

"உங்களுக்கு எதுக்கு இப்போ இது?" என்று வீட்டில் கேட்டாள். நாற்பத்தேழு வயசில் ஒருத்தன் கிடாரைத் தூக்கினால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்பதுதான் காரணம். அதைச் சொல்லவில்லை. "சும்மாதான்" என்றேன்.

19 ஜூன், புதன்

முதல் சேதம். போனில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நாலாவது வரைக்கும் ஒழுங்காக வந்தது. அடுத்து பி. மீட்டுகிறேன், முறுக்குகிறேன், முள் அசையவே இல்லை. இன்னும் முறுக்கினேன். டப்பென்று அறுந்து கன்னத்துக்குப் பக்கத்தில் சுண்டியது. மீட்டியது பி கம்பியை, திருகியது ஜி கம்பியின் சாவியை.

திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் ஒற்றைக் கம்பி கிடையாதாம், முழு செட்டாக வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். எல்லாமே துருப்பிடித்ததுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

30 ஜூன், ஞாயிறு

பத்து நாளாக யூடியூப் வாத்தியார்கள். ஒருவர் பத்தே நாளில் கற்றுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் முப்பது நாள் என்கிறார். நான் முப்பது நாள்காரரை நம்பினேன். கார்டு என்றால் சில கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் ஒரு பிடி, அதற்கும் எழுத்துப் பெயர்தான். ஈ மைனர் வருகிறது. ஜி பாதி வருகிறது. சி பிடித்தால் ஆறு கம்பியில் ரெண்டு மட்டும் ஒலிக்கும், மிச்சமெல்லாம் தகரத்தைத் தட்டின மாதிரி.

சிக்கல் என்னவென்றால் வீடியோ என் கையைப் பார்ப்பதில்லை. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

7 ஜூலை, ஞாயிறு

வகுப்பில் சேர்ந்தேன். முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறை, மாசம் எட்டு வகுப்பு, 1,200 ரூபாய். உள்ளே போனதும் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "சார், நீங்களா சார்?" என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். கணக்கில் 41 மார்க் வாங்கிப் போனவன். அவனுக்கு, இல்லை, அவருக்கு, மார்க் கூட ஞாபகம் இருக்கிறது.

வெளியே தம்பி, அறைக்குள் மாஸ்டர் என்று முடிவாயிற்று. அவர் ரெண்டு இடத்திலும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

என் இடது கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கட்டைவிரல் கழுத்துக்கு மேல எட்டிப் பாக்குது சார், கீழ இறக்குங்க." இறக்கினேன். சி கார்டில் நாலு கம்பி பேசியது. முப்பது நாள்காரரிடம் கேட்டிருக்க முடியாத விஷயம்.

21 ஜூலை, ஞாயிறு

வீட்டுப்பாடம்: ஜி-யிலிருந்து சி-க்கும் திரும்ப ஜி-க்கும் ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணுவது. கணக்கு வாத்தியாரிடம் எண்ணச் சொன்னால் விடுவேனா, நோட்டுப் போட்டுவிட்டேன். திங்கள் 11, செவ்வாய் 11, புதன் 14, வியாழன் 9 (வெண்டைக்காய் நறுக்கி விரலில் வெட்டு), சனி 17.

விரல் நுனிகள் காய்த்துத் தோல் உரிகிறது. இன்றைக்குக் காலையில் என் போன் என்னை அடையாளம் தெரியாது என்றுவிட்டது. இடது ஆட்காட்டி விரல் ரேகையைத்தான் பதிந்து வைத்திருந்தேன். வலது கைக்கு மாற்றினேன்.

24 ஜூலை, புதன்

பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை. காலையில் ஸ்கேலை வைத்துக் கிடாரை அளந்துகொண்டு போயிருந்தேன். கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட் வரை 36.4, அங்கிருந்து அடுத்தது 34.3, அதற்கடுத்தது 32.4. கரும்பலகையில் எழுதிப் போட்டு, இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று கேட்டேன். கூட்டுத் தொடர் என்றான் ஒருவன். கழித்துப் பார், வித்தியாசம் ஒன்றாக இல்லை. வகுத்துப் பார். வகுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் 0.944 பக்கத்தில் நின்றது. அந்த விகிதத்தால் பன்னிரண்டு தடவை பெருக்கினால் சரியாகப் பாதி வரும். 324-ல் பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்கே கம்பியின் நீளம் பாதி, ஒலி மேல் ஸட்ஜம்.

ஸ்கேல் வைத்து அளந்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. இருபது வருஷமாகப் பாக்டீரியா ரெட்டிப்பாகிறது, வட்டி ஏறுகிறது என்று உதாரணம் சொல்லி வந்திருக்கிறேன். இது பீரோ மேல் கிடந்திருக்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து, "சார், நீங்க வாசிப்பீங்களா?" நோட்டை எடுத்து அடுத்த கணக்கைப் போடு என்றேன்.

3 ஆகஸ்ட், சனி

வலிக்கு என் விரல் மட்டும் காரணம் இல்லையாம். மாஸ்டர் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்து, "இதுக்குள்ள எலி ஓடும் சார்" என்றார். 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. ரிப்பேர்காரர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கிடாரின் பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனை மாட்டும் கட்டை, அதன் மேல் கம்பி தாங்கும் வெள்ளைத் துண்டை உருவி எடுத்து, உப்புத்தாளைத் தரையில் விரித்து, அடிப்பாகத்தைத் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பு, கம்பி மாட்டு, பார், கழற்று, மறுபடி தேய்ப்பு. மேல்பக்கத்தைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம். 2.5-ல் நிறுத்தினார். இன்னும் குறைக்கலாமே என்றேன். "கொறச்சா கம்பி ஃப்ரெட்டுல உரசி இரையும். தேச்சத திரும்ப ஒட்ட முடியாது பாத்துக்கிடுங்க" என்றார்.

பையன் நாலு மாசத்தில் விட்டதற்கு அவன் சோம்பல்தான் காரணம் என்று இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி அவனுக்கு போன் போட்டு எலி ஓடும் கதையைச் சொன்னேன். "அப்பவே சொன்னேன்லப்பா, கை வலிக்குன்னு" என்றான். சொல்லியிருப்பான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்காரி சின்ன வயசில் ஆறு வருஷம் பாட்டுக் கற்றவள். இன்றைக்கு அவளாகவே வந்து உட்கார்ந்து, "எனக்கு வாசிங்க பாப்போம்" என்றாள். என்ன சுருதி? "அஞ்சரைக் கட்டை." அஞ்சரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். எனக்குத் தெரிந்த எந்தப் பிடியும் அங்கே கிடையாது. மாஸ்டருக்கு போன் போட்டேன். "கேப்போவ மொத ஃப்ரெட்டுல மாட்டிட்டு ஜி மாதிரியே வாசிங்க சார்." கேப்போ என்பது எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அமுக்கும் கவ்வி. மாட்டினேன். பிடிப்பது ஜி, கேட்பது அஞ்சரை. இந்த ஒரு கவ்விக்காக அதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

அவள் மோகனத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். நான் ஜி, சி, டி என்று என் கையிருப்பை இறக்கினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள். "நீங்க அந்த ரெண்டாவது பிடி பிடிக்கறப்ப மோகனத்துக்குள்ள மத்யமம் வந்து விழுது." காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் சி-யில் மத்யமம் இருக்கிறது, டி-யில் நிஷாதம் இருக்கிறது. மோகனத்தில் ரெண்டும் கிடையாது. என்னிடம் இருந்த மூணு கார்டில் ரெண்டு அவளுக்கு அபஸ்வரம். மிச்சம் ஜி, கூட ஈ மைனர் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ரெண்டை மட்டும் மாற்றி மாற்றி வாசித்தேன். நன்றாகவே இருந்தது. காபி ஆறிப்போனது.

17 செப்டம்பர், செவ்வாய்

எஃப். ஆட்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க இதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் விஷயம் கசிந்துவிட்டது. இளையராஜாவே லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினவர்தான், நீங்களும் எழுத வேண்டியதுதானே என்று தமிழையா கிண்டல். மாஸ்டரும் கிரேடு பரீட்சைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். எழுதின பரீட்சையும் திருத்தின பரீட்சையும் போதும் என்றேன்.

6 அக்டோபர், ஞாயிறு

முதல் கூட்டு வாசிப்பு. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், கல்லூரிப் பையன் ஒருவன், நான். நாலே கார்டு உள்ள பாட்டு. வீட்டில் அதை நான் தூக்கத்தில் வாசிப்பேன்.

எட்டாவது அடியில் எஃப் சரியாக விழவில்லை. நிறுத்தினேன், விரலைச் சரி செய்தேன், நிமிர்ந்து பார்த்தால் பாட்டு நாலு வரி தாண்டிப் போயிருந்தது. ஓடிப்போய் ஏறப் பார்த்தேன், தப்பான இடத்தில் ஏறி அந்தச் சிறுமியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டேன். மூணு தடவை இப்படி. நாலாவது தடவை அவள் என்னைப் பார்க்காத மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"தப்பு எப்பவோ போயிருச்சு சார், நீங்கதான் அதுகிட்டயே நிக்கீங்க" என்றார் மாஸ்டர். "ஒரு கார்டு போனா போவுது. வலது கை மட்டும் நிக்கக் கூடாது. அடுத்த ஜி வரும்லா, அதுல ஏறிக்கிடுங்க."

கணக்கில் மூணாவது வரி தப்பென்றால் நாலாவது வரிக்குப் போகக் கூடாது. அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன், இந்த நாலு மாசமும் வீட்டில் அப்படியேதான் பழகியிருக்கிறேன். தப்பினால் நிறுத்து, முதலிலிருந்து வா. தனியாக எத்தனை மணி நேரம் வாசித்தேனோ அத்தனை மணி நேரமும் நிற்பதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

புது முறை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டு என்று ஓடவிட்டு, வேண்டுமென்றே ஒரு கார்டைக் கோட்டை விட்டு, கை நிற்காமல் அடுத்ததைப் பிடிப்பது. தப்பச் சொன்னால் தப்பு வரமாட்டேன் என்கிறது. ஜி-சி கணக்கு 38.

டிசம்பரில் சர்ச் கேரல் ரவுண்ட்ஸுக்கு வருகிறீர்களா என்று மாஸ்டர் கேட்டார். நான் கிறிஸ்தவன் இல்லையே என்றேன். "எங்களுக்குக் கிடார் கையில ஆள் பத்தல சார்."

15 டிசம்பர், ஞாயிறு

மழையால் ஒத்திகை ரெண்டு தடவை தள்ளிப்போய் இன்றைக்குத்தான் நடந்தது. ஈரத்தில் கம்பியெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. அரையாண்டு விடைத்தாள் கட்டு மேஜையில் அப்படியே கிடக்கிறது.

21 டிசம்பர், சனி (எழுதும்போது ஞாயிறு காலை)

ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பி, மூணரைக்கு வீடு வந்தேன். ஒரு வேன், முப்பது பேர், ஒரு டிரம், ரெண்டு டம்போரின், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, மூணு கிடார். வாசலில் நட்சத்திரம் தொங்கும் வீடாகப் பார்த்து நிறுத்துவார்கள். ரெண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு தட்டு நிறைய அச்சுமுறுக்கு, அடுத்த வீடு. வேனிலிருந்து இறங்கும்போதெல்லாம் சுருதி கொஞ்சம் நகர்ந்திருக்கும். செயலியைப் பார்க்க யாருக்கு நேரம், மாஸ்டர் ஒரு கம்பியைத் தட்டுவார், மற்ற ரெண்டு பேரும் சேர்த்துக்கொள்வோம்.

இரண்டாவது வீட்டில் எஃப் போயிற்று. கை நிற்கவில்லை. ஜி வந்ததும் ஏறிக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரம் அடித்த சத்தத்தில் கேட்டிருக்கவும் வழியில்லை என்பது வேறு விஷயம்.

சமாதானபுரத்தில் ஒரு வீட்டில் ஒரு ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எங்களுக்குக் காத்திராமல் தானாக ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டார். அவர் எடுத்த சுருதி டி-யும் இல்லை, டி ஷார்ப்பும் இல்லை, நடுவே எங்கேயோ. முப்பது பேரும் அவர் பின்னால் அங்கேயே போய்விட்டார்கள். எந்தக் கேப்போவுக்கும் அகப்படாத இடம். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா படுக்கப்போட்டு, ஸ்வரமே இல்லாமல் சக்-சக் என்று தாளத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே செய்தேன். மூணு சரணம். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "சத்தம் கம்மியா நல்லா வாசிச்சீயப்பா" என்றார்.

26 டிசம்பர், வியாழன்

பையன் லீவுக்கு வந்திருக்கிறான். கிடாரை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டைக் குனிந்து பார்த்தான். "என்னப்பா, இப்படி வெண்ணெய் மாதிரி இருக்கு! நான் ஹாஸ்டலுக்குக் கொண்டு போகட்டா?"

அவனுடைய கிடார்தான். யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தேன். ஜங்ஷன் கடையில் வேறொன்று வாங்கித் தருகிறேன், ரிப்பேர்காரர் வீடும் எனக்குத் தெரியும், நாளைக்கே போவோம் என்றேன்.