எங்கள் விலையை ஏன் மறுத்தார்கள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான்கு பரப்புக் காணியோடு இருந்த வீட்டுக்கு, கேட்ட விலையையே கொடுக்க நாங்கள் இணங்கியும் அந்த அம்மா மறுத்துவிட்டார். வங்கிக் கடன் வரும்வரை மூன்று மாதத் தவணை கேட்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காணி உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருந்தது. மடிப்புக் கிழிந்த அந்தத் தாளை அவர் விரித்துக் காட்டியபோதுதான், அவருக்குரியது பிரிபடாத அரைப்பங்கு என்பதும், மீதி தம்பியுடையது என்பதும் தெரிந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை முறைப்படுத்தியிருப்பதால், தம்பிக்கு அறிவித்தல் கொடுக்காமல் பிறத்தியாருக்கு எழுதினால் விற்பனை வழக்கில் போய் நிற்கக்கூடும். அவர் பயந்தது நியாயமே. உறுதியைப் பார்க்காமல் விலை பேசியது எங்கள் தவறு.

ஆனால் அவர் மனம் விலகியது அதற்கும் முன்பே என்று நினைக்கிறேன். முதல் நாளே, அவர் தேநீர்க் கோப்பையோடு நிற்கையில், கிணற்றடி மாமரத்தைத் தறித்துவிட்டு மதில் கட்டலாம் என்று நான் சொன்னேன். அந்த மரம் அவருடைய கணவர் வைத்தது.