கலைந்து போக வழி எங்கே?

ஐப்பசி மழையில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடுக்க மறுக்கிறார்கள். மறுநாள் சாலை மறியல். காவிரி டெல்டாவில் அந்தச் சாலை பல ஊர்களில் ஆற்றங்கரைதான்: ஒரு பக்கம் வெண்ணாறோ குடமுருட்டியோ நிறைந்து ஓடும், மறுபக்கம் குறுவைக்கு அடுத்த நெல்லான தாளடிக்கு உழுத முழங்கால் சேறு.

கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் படிக்கும் தடியடிப் பாடம் இந்த இடத்தில் அப்படியே செல்லாது. இடுப்புக்குக் கீழே அடி என்பார்கள். ஆனால் பின்னால் நிற்பவர்கள் நெருக்க, முன்வரிசை ஆள் குனிவார். காலுக்கு ஓங்கிய தடி மண்டையில் இறங்கும். சாலையின் இரண்டு முனையிலும் போலீஸ் வண்டியை நிறுத்தி மறித்துவிட்டால், தப்பிக்க மிச்சம் ஆறுதான். ஒரு முனையையாவது திறந்து விட வேண்டும், அதுவும் மதகுப் பாலம் இல்லாத முனையை. பாலத்தில் கூட்டம் நெருக்கிக்கொள்ளும்.

கண்ணீர்ப்புகை இன்னும் மோசம். காற்றைவிடக் கனமான புகை கரையிலிருந்து இறங்கி, கீழே இருக்கும் தெருவில் தங்கும். மறியலுக்கே வராத கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் மூச்சு முட்டும். புகைக்குண்டு சூடாக எரிவது, வைக்கோல் போரில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். நேராக ஆளைப் பார்த்துச் சுட்டால் அதுவே உயிரை எடுக்கும்.

சட்டம் என்னவோ தெளிவுதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் பிரிவு 148, பழைய சட்டத்தில் 129: முதலில் கலையச் சொல், கேட்காவிட்டால்தான் பலம். சொல்வதற்கு வட்டாட்சியர் வர வேண்டும் என்பதுகூட இல்லை, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே சொல்லலாம். சொன்னதற்கும் அடித்ததற்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று அந்தப் பிரிவில் இல்லை. கேடு அங்கேதான் நுழைகிறது. ஒலிபெருக்கியில் ஒரு தடவை கத்தினால் பின்வரிசைக்குக் காதில் விழாது.

2017 ஜூன் 30, கதிராமங்கலம். எண்ணெய்க் குழாய் வயலில் கசிந்தது. ஆட்சியர் வந்து பார்க்கட்டும் என்றார்கள் மக்கள். வந்தது தடியடி. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில், போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். சீருடை இல்லாத காவலர் வேன் மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த படத்தை ஊரே பார்த்தது. கூட்டத்தைக் கலைக்க வந்தவருக்குக் குறிபார்க்கும் வேலை எதற்கு?

கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை தெரிய நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு 1996லேயே சொல்லிவிட்டது. நெஞ்சுக்கவசம் போட்டதும் முதலில் மறைவது அந்தப் பட்டைதான்.

கலவரத்தை அடக்கும் போலீசின் வஜ்ரா வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து சேரும் நேரத்துக்குள் கொள்முதல் அதிகாரியும் வந்துவிடலாம். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை எடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால் மறியல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.